கிணற்றடியிலிருந்து குசினி வரை: யாழ்ப்பாணத்தில் நுண்ணுயிரியலாளராக விரும்புவோருக்கு

உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயின் வாயை உள்பக்கமாக விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக ஏதோ ஒட்டும். தேய்த்துக் கழுவினால் போய்விடும். சில வாரங்களில் திரும்ப வரும். பற்றீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டிய குடியிருப்பு அது. உயிர்ப்படலம் என்பது அதன் பெயர். அந்த வழுவழுப்பைத் தொட்டதும் அருவருப்போடு ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வியும் உங்களுக்குள் எழுந்தால், இக்கட்டுரை உங்களுக்குத்தான்.

நுண்ணுயிரியல் என்றதும் நம் ஊரில் ஆஸ்பத்திரியும் இரத்தப் பரிசோதனையும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் சொல்லப்போவது வேறொரு பக்கம். கிணறு, மண், தண்ணீர்த்தாங்கி, வகுப்பறைக் காற்று, மாரியில் ஈரம் ஊறும் சுவர் ஆகியவற்றில் வாழும் பற்றீரியாக்களைத் தேடுவதும், அவை எந்த வழியாக வீட்டுக்குள் வருகின்றன என்று தொடர்வதும்தான் இந்தத் தொழில். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கு வேலை நிறைய இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய நிலத்தடி நீரில்தான். அந்தக் கல் மணலைப்போல நீரை வடிகட்டுவதில்லை. வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்த அதற்குள் மேலே விழுந்தது விரைவாகக் கீழே போய்விடும். மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கும் ஊரில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

முதலில், எந்த வாசலால் நுழைவது

க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு வேண்டும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் எடுப்பதே பாதுகாப்பானது. இரசாயனவியலைக் குறைத்து மதிக்காதீர்கள். பின்னாளில் நீங்கள் செய்யும் வேலையில் பாதி கரைசல் தயாரிப்பதுதான்.

மருத்துவப் பீடம் கிடைக்காமல் விஞ்ஞானப் பீடத்துக்கு வருபவர்களில் பலர் முதல் ஆண்டு முழுவதையும் வருத்தத்திலேயே கழித்துவிடுகிறார்கள். ஒரு ஆண்டு மிகப் பெரியது, அதை வீணாக்காதீர்கள். திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் தாவரவியல் துறையின் பாடங்களோடு சேர்த்து நுண்ணுயிரியலைப் படிக்கலாம். நுண்ணுயிரியலுக்கென்றே தனித் துறை வேண்டுமானால் களனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள விவசாய பீடத்திலிருந்தும் மண், நீர் நுண்ணுயிர்களுக்குள் நுழைய முடியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் இன்னொரு வாசல். அது பெரும்பாலும் நோயாளியின் மாதிரியை நோக்கியது. ‘மருத்துவ நுண்ணுயிரியல் நிபுணர்’ என்ற பதவிக்கு மருத்துவப் பட்டமும் அதன்பின் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பயிற்சியும் தேவை. விஞ்ஞானப் பட்டத்தோடு அந்தப் பதவிக்குப் போக முடியாது. இதைத் தெரியாமல் நான்கு ஆண்டு படித்துவிட்டு ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தோடு நின்றுவிடாமல், முடிந்தால் நான்காம் ஆண்டு சிறப்புப் பட்டத்துக்குப் போங்கள். ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தனியே செய்யும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது.

தமிழில் உயர்தரம் படித்தவருக்குப் பல்கலைக்கழகத்தில் திடீரென எல்லாம் ஆங்கிலமாகும். ‘கலம்’ என்றும் ‘நுணுக்குக்காட்டி’ என்றும் மனதில் பதிந்தவற்றைக் களைந்தெறியாதீர்கள். ஒரு கொப்பியில் இரு மொழிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு நாள் ஒரு கிணற்றடியில் நின்று, ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு நீங்கள் கண்டதைச் சொல்ல வேண்டிவரும். அப்போது அந்தத் தமிழ்ப் பக்கம் உதவும்.

கை பழக வேண்டும்

பற்றீரியாக்களுக்கு உணவு சேர்த்து இறுக வைக்கும் ஏகார் ஊடகத்தைக் காய்ச்சுவது, தட்டில் ஊற்றுவது, கம்பி வளையத்தைச் சுடரில் காட்டிச் சிவக்க வைப்பது, கோடிழுத்துத் தனித்தனிக் கொலனிகளை (கண்ணுக்குத் தெரியும் பற்றீரியாக் கூட்டங்களை) பிரிப்பது, பற்றீரியாக்களை இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமிடுவது, பத்துப் பத்து மடங்காக ஐதாக்குவது. இவை புத்தகத்தில் வராது, கையில்தான் வரும். ஊடகத்தை ஓட்டோகிளேவ் என்ற அமுக்க நீராவிப் பாத்திரத்தில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் வைக்கிறோம். ‘நூறு பாகையில் கொதிக்க வைத்தால் போதாதா?’ என்று கேட்காத மாணவரே இல்லை. பசிலஸ் போன்ற மண் பற்றீரியாக்களின் வித்திகள் கொதிநீரைத் தாங்கி மீண்டும் முளைக்கும். நீராவியை நூறு பாகைக்கு மேல் சூடாக்க அதனால்தான் அமுக்கம் தேவைப்படுகிறது.

ஏகாரின் கதையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸ என்ற மருத்துவர் ரொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் காற்றில் உள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்தார். அப்போது ஊடகத்தை இறுக வைக்க ஜெலட்டினைத்தான் பயன்படுத்தினார்கள். கோடை வந்ததும் அது உருகி, எண்ண வேண்டிய கொலனிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவருடைய மனைவி பன்னி ஹெஸ்ஸ தன் குசினியில் ஜெலி செய்யப் பயன்படுத்திய ஏகாரைச் சொல்லிக் கொடுத்தார். 1881ஆம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்து வெயிலில் ஜெலட்டின் தட்டு காலை பத்து மணிக்கே தண்ணீராகியிருக்கும். ஏகாரோ 37 பாகை அடைகாப்பானிலும் இறுகியே நிற்கிறது. நோன்பு காலத்தில் நம் முஸ்லிம் அயலவர் வீடுகளில் ‘கடற்பாசி’ என்று செய்து பகிரும் அதே பொருள்தான். உட்புறக் காற்றை ஆராயப் போகிறவர் நன்றியோடு நினைக்க வேண்டிய பெண்மணி அவர்.

பயிற்சிக்குப் பணம் அதிகம் தேவையில்லாத ஒன்று சொல்கிறேன். யாழ் கடனீரேரிக் கரையின் கறுத்த சேற்றைக் கொஞ்சம் எடுத்து, கிழித்த கடதாசியும் முட்டை மஞ்சட் கருவும் சேர்த்து, ஒளி புகும் உயரமான போத்தலில் நிரப்பி, மேலே ஏரி நீர் ஊற்றி, யன்னலோரம் வையுங்கள். கடதாசி காபனுக்கு, முட்டை கந்தகத்துக்கு. சில வாரங்களில் பச்சை, ஊதா, கறுப்பு என்று அடுக்கடுக்காக நிறங்கள் தோன்றும். ஒட்சிசன் உள்ள இடத்தில் ஒரு கூட்டம், இல்லாத இடத்தில் இன்னொரு கூட்டம், கந்தகத்தை நம்பி வேறொரு கூட்டம். வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானியின் பெயரால் இதை அழைக்கிறார்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். நாற்றத்தை வீட்டார் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாதிரி எடுப்பதே தொழில்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

மாணவனாக இருந்த காலத்தில் வலிகாமத்தில் ஒரு வீட்டுக்கு நீர் மாதிரி எடுக்கப் போனேன். கிணற்றடிக்குப் போகும் வழி மழையில் சேறாகக் கிடந்தது. குசினிக் குழாயைத் திறந்து, நீர் பிடித்து, போத்தலில் ‘கிணறு’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். மக்கொங்கி ஏகார் என்ற ஊடகத்தில் இளஞ்சிவப்புக் கொலனிகள் நிரம்பின; 44 பாகைச் சோதனையும் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியா என்று உறுதிப்படுத்தியது. கிணறு அசுத்தம் என்று அறிக்கை கொடுத்தேன். அந்த ஐயா ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர். ஆள் பிடித்துக் கிணற்றை இறைத்துச் சேறு எடுத்தார், கட்டையும் புதுப்பித்தார். பிறகு மீண்டும் குசினிக் குழாயிலிருந்தே எடுத்தேன், மீண்டும் அதே முடிவு. அதன்பின்தான் கிணற்றுக்குள் நேரடியாகப் போத்தலை இறக்கி எடுத்தேன். 100 மில்லிலீற்றரில் ஒரு ஈ.கோலையும் இல்லை. கூரைமேல் இருந்த தாங்கியின் மூடி ஒரு பக்கம் உடைந்து கிடந்தது. உள்ளே காகத்தின் எச்சமும் அழுகிய இலைகளும். முதல் நாளே ஏணி வைத்து ஏறிப் பார்த்திருந்தால் அவருக்கு அந்தச் செலவு வந்திருக்காது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் பேசவில்லை. ‘பிள்ளை, இனி யாருக்கும் மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

ஆகவே ஒரு வீட்டுக்குப் போனால் நீர் வரும் வழி முழுவதையும் முதலில் நடந்து பாருங்கள்: கிணறு, பம்பி, குழாய், தாங்கி, குசினி, குடிநீர்ப் பானை. ஒவ்வோர் இடத்திலும் தனி மாதிரி எடுங்கள். கிருமியழித்த போத்தலின் வாயை விரலால் தொடாதீர்கள். குழாயில் எடுப்பதானால் வாயைத் துடைத்துச் சுடர் காட்டி (பிளாஸ்டிக் குழாயென்றால் ஸ்பிரிட்டால் துடைத்து), சில நிமிடம் நீரை ஓடவிட்ட பின் பிடியுங்கள். ஆனால் குழாயின் வாயில் உள்ள உயிர்ப்படலத்தைத்தான் தேடுகிறீர்களென்றால் சுடர் காட்டவும் கூடாது, ஓடவிடவும் கூடாது. திறந்தவுடன் வரும் முதல் நீர் வேண்டும். எடுக்கும் முறையைக் கேள்விதான் முடிவு செய்கிறது. குளோரின் இட்ட நீரென்றால் போத்தலில் சோடியம் தயோசல்பேற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியில் குளோரின் தன் வேலையை முடித்துவிடும். ரெஜிபோம் பெட்டியில் ஐசோடு வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். 24 மணி நேரத்தைத் தாண்டிய மாதிரியை எண்ணிப் பயனில்லை.

கூடவே, கிருமியழித்த நீர் நிரப்பிய ஒரு போத்தலையும் களத்துக்குக் கொண்டுபோய், திறந்து மூடித் திரும்பக் கொண்டுவாருங்கள். அதில் ஏதாவது முளைத்தால் அன்றைய முடிவுகள் அனைத்தையும் சந்தேகிக்க வேண்டும். இந்த வெற்று மாதிரியைச் சோம்பலால் விடுபவர் எத்தனை பெரிய பட்டம் பெற்றாலும் நான் அவருடைய எண்களை நம்புவதில்லை.

குறிப்புப் புத்தகத்தில் திகதி, நேரம், வெப்பநிலை, கடைசியாக மழை பெய்த நாள், மலக்குழி எந்தத் திசையில் எத்தனை அடி தூரத்தில், அருகே மாட்டுக் கொட்டில் உண்டா, கிணற்றுக் கட்டில் வெடிப்பு உண்டா என்பவற்றை எழுதுங்கள். மொத்தக் கோலிபோம் (ஈ.கோலையும் அதன் உறவுப் பற்றீரியாக்களும் சேர்ந்த கூட்டம்) மட்டும் கண்டால் பதறாதீர்கள். அவற்றில் பல மண்ணிலும் இலையிலும் இயல்பாக வாழ்பவை. ஈ.கோலைதான் மலக் கலப்பைக் காட்டும் அடையாளம். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு அது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தாங்கியைப் பற்றி இன்னொன்று. நம் கூரைகளில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிகள் வெயிலில் காய்ந்து நீரை இளஞ்சூடாக வைத்திருக்கின்றன. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாடு ஒன்றுக்குப் பின் நிமோனியா பரவி பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதற்குக் காரணமான பற்றீரியாவைக் கண்டறிந்தார்கள்; பின்னர் அதற்கு லெஜியனெல்லா என்று பெயரிட்டார்கள். அது 25 முதல் 45 பாகை வரையான நீரில் பெருகும். குடிப்பதால் அல்ல, நுண்துளிகளாகச் சிதறிய நீரை மூச்சில் இழுப்பதால் நோய் தரும். ஷவர் பொருத்திய புதிய விடுதிகள் பெருகும் ஊரில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளும் இளையவர்கள் வேண்டும்.

வீட்டுக்குள் காற்று

உட்புறக் காற்றில் மிதக்கும் பற்றீரியாக்களில் பெரும்பங்கு நம் தோலிலிருந்து உதிர்ந்தவை: ஸ்டபிலோகொக்கஸ், மைக்குரோகொக்கஸ். மற்றொரு பங்கு வெளியிலிருந்து புழுதியோடு வருபவை. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதி ஓட்டு வீட்டுக்குள் எப்படிப் படியும் என்பது நமக்குத் தெரியும். அதே புழுதியில்தான் பசிலஸ் வித்திகளும் வருகின்றன. மாரியில் கதவு யன்னல் சாத்தப்பட்டு, சுவரில் ஈரம் ஏறியதும் கதை மாறும். அப்போது கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், அஸ்பர்ஜிலஸ் போன்ற பங்கசுகள் மேலோங்கும். ஒரே அறையை இரண்டு பருவத்திலும் அளக்காமல் ‘இந்த வீட்டுக் காற்று இப்படி’ என்று எழுதிவிடாதீர்கள்.

தொடங்குவதற்கு ஒன்பது சென்ரிமீற்றர் ஏகார்த் தட்டு போதும். நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். மின்விசிறி சுற்றுகிறதா, எத்தனை பேர் இருந்தார்கள், கூட்டினார்களா என்று எழுதுங்கள். மாலை வகுப்பு நடக்கும் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பிள்ளைகள் வருமுன், வகுப்பு நடக்கையில், கூட்டிய பின் என்று மூன்று முறை வைத்துப் பாருங்கள். அந்த மூன்று தட்டுகளும் ஒரு முழுப் பாடம். ஒரு தட்டைத் திறக்காமலே பக்கத்தில் வைக்க மறக்க வேண்டாம்.

இந்த முறையின் குறையையும் அறிந்திருங்கள். கனமான துகள்களே தட்டில் விரைவாக விழும். நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய மிகச் சிறியவை மிதந்துகொண்டே இருக்கும். ஒரு கன மீற்றருக்கு எத்தனை என்று சொல்ல, காற்றை அளந்து உறிஞ்சி ஏகாரில் மோதவிடும் கருவி வேண்டும். அண்டர்சன் கருவி என்பது நிமிடத்துக்கு 28.3 லீற்றர் காற்றை இழுத்து, துகள்களை அளவு வாரியாக ஆறு தட்டுகளில் பிரிக்கும்.

எத்தனை இருந்தால் ஆபத்து என்று எல்லோரும் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் ஈரம், பூஞ்சணம் பற்றி 2009இல் வெளியிட்ட வழிகாட்டியும் அப்படி ஓர் எண்ணைத் தரவில்லை. ஈரத்தை நீக்கு என்றே சொல்கிறது. அதனால் எப்போதும் வெளிக்காற்றிலும் ஒரு தட்டு வைத்து ஒப்பிடுங்கள். வெளியே குறைவாகவும் உள்ளே மிகுதியாகவும் ஒரு பங்கசு இருந்தால் அதன் ஊற்று வீட்டுக்குள் இருக்கிறது. அலுமாரியை நகர்த்தி அதன் பின்சுவரைப் பாருங்கள்.

பயப்பட வேண்டியவற்றுக்குப் பயப்படுங்கள்

மூடிய தட்டை வீட்டில் வளர்க்காதீர்கள். வளர்ந்த தட்டைத் திறந்து முகராதீர்கள். மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமல்லியை என்ற பற்றீரியா நம் நாட்டில் இருக்கிறது. அது தரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். ஆய்வுகூடங்களில் அதை வேறொரு சாதாரண பற்றீரியா என்று எண்ணி ஒதுக்கிவிடுவதும் உண்டு. அப்படி ஒன்று வரக்கூடும் என்ற சந்தேகம் எழுந்தால் உயிரியல் பாதுகாப்பு அறை உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். வெள்ளத்தில் இறங்கி மாதிரி எடுப்பதானால் பூட்ஸ் கட்டாயம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை மறந்துவிடாதீர்கள். காலில் புண் இருந்தால் அன்று போகவே வேண்டாம்.

மரபணுவும் கணக்கும்

மண்ணிலும் நீரிலும் உள்ள பற்றீரியாக்களில் தட்டில் முளைப்பவை நூற்றில் ஒன்றளவே என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மீதியை அறிய, எல்லாப் பற்றீரியாக்களிலும் உள்ள, இனத்துக்கு இனம் சற்றே மாறுபடும் 16எஸ் மரபணுவை வாசிக்கிறார்கள். அது பெயரைச் சொல்லும். உயிரோடு இருந்ததா என்று சொல்லாது. இரண்டும் தெரிந்தவருக்கே மதிப்பு. புள்ளிவிபரத்துக்கு ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். இறுதி ஆண்டில் தொடங்கினால் திண்டாட்டம்தான்.

வேலை எங்கே

உண்மையைச் சொல்ல வேண்டும். ‘சுற்றாடல் நுண்ணுயிரியலாளர்’ என்ற பெயர்ப் பலகையோடு யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் கதிரைகள் குறைவு. வேலை வேறு பெயர்களில் இருக்கிறது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள், கடலுணவு ஏற்றுமதி நிறுவனங்களின் தரக்கட்டுப்பாடு, கைதடியில் உள்ள பனை ஆராய்ச்சி நிறுவகம், போத்தல் நீர் உற்பத்தி, கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம், கண்டியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். ஆராய்ச்சியில் நிலைக்க விரும்பினால் பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தையோ வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களையோ நாட வேண்டும். பரிசோதனைக் கூடங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025 என்ன கேட்கிறது என்று தெரிந்துகொண்டு நேர்முகத்துக்குப் போங்கள். பெரும்பாலான புதுப் பட்டதாரிகளுக்கு அது தெரிவதில்லை. உங்கள் முதல் ஆய்வை யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தின் வருடாந்த அமர்வில் வாசியுங்கள். கேள்வி கேட்பவர்களே பிறகு உங்களுக்கு வழி காட்டுவார்கள்.

முடிவைக் கொண்டுபோய்ச் சொல்லும்போது

கிணற்றில் ஈ.கோலை கண்டால் அறிக்கையைத் தபாலில் போடாதீர்கள், நேரில் போங்கள். அயலவர் முன் சொல்லாதீர்கள். கிணறு அசுத்தம் என்பதைத் தன் வீட்டுக்கு வந்த பழியாக எடுத்துக்கொள்ளும் அம்மாக்கள் உண்டு. ‘உங்கள் துப்புரவில் குறையில்லை அம்மா, கல்லுக்குள் வெடிப்பு இருக்கிறது’ என்று அந்த நிலத்தின் கதையைச் சொல்லுங்கள். இன்றிலிருந்து கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இட ஏற்பாடு செய்யுங்கள். எவ்வளவு தூள் என்பதைக் கிணற்றின் விட்டமும் நீரின் ஆழமும் அளந்தே கணிக்க வேண்டும். குளோரின் மணம் அடங்கிய பின் அதே நேரத்தில், அதே முறையில் மறுமாதிரி எடுங்கள்.

அது சுத்தமாக வந்தாலும் கோப்பை மூடிவிடாதீர்கள். மலக்குழி கசிந்துகொண்டிருந்தால் கோடையில் எதுவும் தெரியாது. ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, போத்தலையும் ரெஜிபோம் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அதே ஒழுங்கைக்குத் திரும்பப் போங்கள்.